நெல்லிக்கொட்டைத் திருடன்

கோடை விடுமுறை முடிந்து வரும்போது ஆளுக்கொரு மரக்கன்று கொண்டுவர வேண்டும், அதுவும் நீங்களே முளைக்க வைத்ததாக இருக்க வேண்டும் என்று அறிவியல் டீச்சர் சொன்னபோது நான் ஐந்தாம் வகுப்பு. இன்னும் ஆறு மாதம் இருந்தது. நானோ அரையாண்டு விடுமுறையின் முதல் நாளே கணபதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, துடியலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அத்தை தோட்டத்தில் போய் இறங்கிவிட்டேன்.

தோட்டத்தின் கடைசி வரப்பில் ஒரு பெரிய நெல்லிமரம், அதற்கப்பால் காடு. உதிர்ந்த காய்களைப் பொறுக்கிக் கிணற்றடியில் முழுசு முழுசாகப் புதைத்தேன். மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன். முளைத்துவிட்டதா என்று மூன்று வேளையும் தோண்டியும் பார்த்தேன்.

அத்தை மகன் என்னைவிட மூன்று வயது பெரியவன். குழிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று, "ஏனுங்க அம்மணி, மொளைச்சிருச்சுங்களா?" என்பான். "எங்க ஊட்டுக் கோழிகூட இத்தனை தடவ கெளறாதுங்க."

அது போதாதென்று புள்ளிமான்கள். விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் ஐந்தாறு வந்து மரத்தடியில் உதிர்ந்து கிடந்த காய்களை அப்படியே விழுங்கிவிட்டுப் போயின. விதைக்கு நான் வைத்திருந்த காய்கள்! எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக மரத்தடியில் காவல் உட்கார்ந்தேன். தட்டிய சத்தத்தில் மான்கள் ஓடின. அத்தையின் கறவை மாடும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

ஆறாம் நாள் மானைத் துரத்திக்கொண்டே போனதில், காட்டோரப் புங்கமரத்து நிழலில் அந்தக் குவியலைக் கண்டேன். இரண்டு கை நிறைய நெல்லிக்கொட்டை. சதை துளியும் இல்லாமல், சப்பித் துப்பியதுபோல. மான் எங்கேயாவது கொட்டையைத் துப்புமா? அத்தை மகனின் டவுசர் பையில் எப்போதும் உப்பும் மிளகாய்ப்பொடியும் பொட்டலமாக இருக்கும். வழக்கு அத்தோடு முடிந்தது.

"நான் திங்கலீங்கம்மா, சாமி சத்தியமாங்க!"

"ஊருக்கு வந்த புள்ளைய அழ வெச்சுப்போட்டு சத்தியம் வேற பண்றயாடா?" அத்தை வைத்த அறை அவன் முதுகில் சத்தமாகவே விழுந்தது. "நீ அழுவாத கண்ணு."

நான் அழவே இல்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கிணற்றடியில் ஒன்றும் முளைக்கவில்லை. கோடை விடுமுறையும் முடிந்து பள்ளி திறக்க நான்கே நாள் இருந்தபோது அழுகை நிஜமாகவே வந்தது. அன்றைக்குப் பார்த்து அத்தை மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் மண் நிரப்பிய பால் கவர். அதில் விரல் உயரத்துக்கு ஒரு நெல்லிக்கன்று.

"கோடை மழைக்கு அந்தக் கொட்டைக் குமியல்ல மொளச்சுக் கெடக்குது, எத்தனையோ."

"பாத்தியா! நீ தின்னு துப்புனதுதான? பரவால்ல, மன்னிச்சுட்டேன்."

அவன் முகம் சிவந்தது. கன்றைப் பிடுங்க வந்தான். நான் விடவில்லை. டீச்சரிடம் நானே முளைக்க வைத்தேன் என்று கூசாமல் சொன்னேன்.

போன வருஷம் கல்லூரியிலிருந்து காட்டுக்குப் போயிருந்தோம். நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த ஒரு புள்ளிமான், தாடையை ஒருபக்கம் சாய்த்து எதையோ கீழே துப்பியது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அது எழுந்து போனதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். நெல்லிக்கொட்டைகள். வெயிலில் காய்ந்த பழையவை வெடித்து, உள்ளே விதை தெரிந்தது. ஆட்டுப்பட்டியில் வெள்ளாடுகள் துப்பிய வேலங்கொட்டையைத் தினமும் காலையில் கூட்டித் தள்ளுகிற அத்தைக்குக்கூட அன்று இது தோன்றவில்லை.

அந்தத் தோட்டத்தில் நெல்லி நடுகிறவள் நான் ஒருத்திதான் என்று நம்பியிருந்தேன். நான் காவலை விட்டுவிட்டுத் தூங்கிய நேரங்களில்தான் அங்கே நடவு நடந்திருக்கிறது.