சாராள் கழற்றிய ஏசி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் சாராளுக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். ஒயர்களின் நிறம் வரிசை பிசகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பிசகியதை அவள் கண் விட்டதே இல்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் நிரந்தர வேலையும் பி.எஃப்.பும் முதலில் வந்தது அவளுக்குத்தான். அதை மோப்பம் பிடித்துக்கொண்டுதான் கிரெடிட் கார்டும் வந்தது. கேன்டீன் வாசலில் மேசை போட்டிருந்த ஒருவன் சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டு, ஒரு தோள்பையை இலவசமாகக் கொடுத்தான். பத்தாவது நாள் கார்டு தபாலில் வந்தது.

அதற்கு முன்னால் வாரவட்டிக்காரரிடம் போய் நின்ற சொந்தக்காரர்கள் அவளிடம் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தருக்கு கிரைண்டர், ஒருத்தருக்கு ஸ்கூல் ஃபீஸ். அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எப்படியோ எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்காதவன் கூடப் பிறந்தவன் ஒருவன்தான்.

அண்ணன் யேசுதாஸ் இரும்பு உருக்கும் ஆலையில் கான்ட்ராக்ட் கூலி. பெண்டாட்டி சோனியா, ஒரு கைக்குழந்தை. பைக் கடன் கட்டாமல் அவன் பேரில் யாரும் கடன் தராத நிலை. போன வருஷம் மார்ச்சில், சாயங்காலம், தங்கை வீட்டுக்கு வந்தான்.

"சோனியாக்கு உடம்பெல்லாம் வேர்க்குரும்மா. கொழந்தையும் தூங்க மாட்டேங்குது. ஒரு ஏசி போட்டா நல்லாருக்கும். ஒன் கார்டுல தேய்ச்சுக்குடு, ரெண்டே மாசம், டாண்ணு குடுத்துர்றேன்."

"தவணையா மாத்திக்கலாமாண்ணா?"

"அதுக்கு வேற சார்ஜ் புடிப்பான். நான்தான் குடுக்கறன்றனே."

நாற்பத்தோராயிரத்தை மொத்தமாகத் தேய்த்தாள். ரெண்டு மாசம் நாலாயிற்று. கேட்டால் ஓ.டி. இல்லை என்பான், சம்பளம் வரவில்லை என்பான். பில்லில் 'மினிமம் ட்யூ' என்று இரண்டாயிரத்துச் சொச்சம் போட்டிருந்தது. அதுதான் தவணை, கட்டினால் கடன் குறையும் என்று நினைத்து மாதாமாதம் சாராளே கட்டினாள். இந்த வருஷம் மார்ச்சில் அவள் புருஷன் ரகு பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்தது. இரண்டு மாதம் கட்ட முடியவில்லை.

உடனே பேங்கின் வசூல்காரனிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. கம்பெனி லைனில் வேலையாக நிற்கும்போதும் வரும், சாப்பிடும்போதும் வரும். ஒருநாள் சூப்பர்வைசர் நம்பருக்கே போட்டுவிட்டான்.

"சாராள்னு ஒரு லேடி உங்க கம்பெனியில இருக்காங்களே, வாங்குன பணத்தக் கட்டச் சொல்லுங்க சார். குடும்பப் பொம்பளதானே?"

சூப்பர்வைசர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்த லைனில் வேலை செய்த பதினாலு பேரும் கேட்டார்கள்.

அன்றைக்கு கம்பெனி பஸ்ஸில்தான் அவள் பில்லை முதல் வரியிலிருந்து படித்தாள். மாதம் மூன்றரை வட்டி, வட்டிக்கு மேல் வரி, தாமதத்துக்கு அபராதம். பாக்கி நிற்கிற வரைக்கும், மளிகைக்குத் தேய்த்த எண்ணூறு ரூபாய்க்குக்கூடத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடியிருந்தது. அவள் கட்டியது இருபத்து நாலாயிரம். இன்னும் நிற்பது நாற்பத்து மூவாயிரம். ஏசியின் விலையைவிட அதிகம். பன்னிரண்டு வருஷமாக ஒயரின் நிறத்தைப் பார்த்த கண், இந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லையே என்று தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். யேசுதாஸ் ஏசிக்கு நேர்கீழே பனியனோடு படுத்திருந்தான். எழுந்திருக்கக்கூட இல்லை.

"இன்னா பண்ணச் சொல்ற? எங்கிட்ட டப்பு இல்ல."

"ஆபீஸ்ல மானம் போச்சுண்ணா."

"அது ஒன் கார்டு. பேங்க்காரன் ஒன்னத்தான கேக்கறான், என்னக் கேக்கலியே."

சாராள் திரும்பி வந்துவிட்டாள். இதைவிட அவன் அவளை அறைந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வெயில் உச்சிக்கு ஏறியபோது, ஏசி மெக்கானிக் பூவராகவனையும் ஒரு குட்டி யானை வண்டியையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினாள். கத்திரி வெயில். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"இத்த கழட்டுண்ணா," என்றாள் மெக்கானிக்கிடம். ஏசி வாங்கிய பில் அவள் பேரில் இருந்தது. அதை அவர் முன்னால் நீட்டினாள்.

யேசுதாஸ் குறுக்கே வந்தான். "கைய வெச்ச, கைய ஒடச்சிருவேன்."

"ஒடை. ஸ்டேஷன்ல போய் பில்லக் காட்டறேன். ஊரே வந்து பாக்கட்டும்."

அவன் நகர்ந்தான். பூவராகவன் தயங்கினார். "கேஸை வெளிய இருக்கற அவுட்டோர் பொட்டியில இறக்கித்தான் கழட்டணும்மா. அதுக்கு ஏசிய பத்து நிமிஷம் ஓட விடணும்."

ஓட விட்டார். கடைசியாக ஒருமுறை அந்த அறை குளிர்ந்தது. அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தக் குளிரில் நின்றார்கள். இடுப்பில் குழந்தையோடு சோனியா மட்டும் சாராளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துமா ஒனக்கு மனசு வருது?"

சாராள் குழந்தையைப் பார்த்தாள். கழுத்து மடிப்பில் சிவந்திருந்தது. ஆனாலும் "கழட்டுண்ணா" என்றுதான் சொன்னாள்.

"இனிமே நீ செத்தாலும் வர மாட்டேன்," என்றான் யேசுதாஸ், வண்டி கிளம்பும்போது.

"வராத."

ஏசி பதினாறாயிரத்துக்குத்தான் போயிற்று. மீதிக்கு பி.எஃப்.பில் கை வைத்தாள். கார்டை மூடச் சொல்லிப் போன் போட்டால், பேங்க்கில் போனை எடுத்த பெண் தேனாகப் பேசி லிமிட்டை இரண்டு லட்சமாக்கித் தருகிறேன் என்றாள். மூன்று வாரம் சண்டை போட்டு மூடினாள். கார்டைக் கத்தரிக்கோலால் எட்டுத் துண்டாக வெட்டினாள், அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. தெருவில் அவளுக்கு 'ஏசி கழட்டுனவ' என்று பேர் விழுந்தது. சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை.

ஆவணி மாதம் ஒரு சேதி வந்தது. சோனியா ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மூன்றாம் மாதமே அவள் பேரில் கார்டு வாங்கி, யேசுதாஸ் புது ஏசி மாட்டிவிட்டான். சாராளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு ரகுவின் போனை வாங்கி சோனியாவுக்குப் போட்டாள்.

"சோனியா, போன வெக்காத, ஒரு நிமிஷம். மினிமம் மட்டும் கட்டாத. முழுசாக் கட்டு. இல்லன்னா—"

லைன் கட்டாயிற்று. மறுபடி போட்டாள். ரகுவின் நம்பரையும் பிளாக் செய்திருந்தார்கள்.