தைத்தவளும் ஏற வேண்டும்

அந்தப் பலூன் பட்டறையில் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. துணியைத் தைத்தவர் எவரோ, அவர் பலூனின் முதல் பயணத்தில் ஏறியே ஆக வேண்டும். தன் உயிரும் அதில் தொங்குகிறது என்றால் யாரும் ஏனோதானோவென்று தைக்க மாட்டார்கள் என்பது முதலாளியின் எண்ணம். நல்ல எண்ணம்தான். அவரா தைக்கப் போகிறார்?

அப்படித்தான் டெய்லரக்கா, ஐம்பது வயதில், தோள்வலியும் தைலப் புட்டியுமாகக் கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தாள். கூடையில் அவளோடு இரண்டு பேர். பலூனை ஓட்டுகிற கேப்டன். மேல்காற்றை அளக்க வந்த காற்றுக்காரர். மலைத்தொடரையும் கடலையும் தாண்டி, அதுவரை யாரும் போகாத காற்றுவழியில் அக்கரை சேர வேண்டும். மலைக்கு மேலே மூவருக்கும் மூக்கில் ரத்தம் கொட்டியது. குடிக்கிற தண்ணீர் உறைந்துபோனது. கடலுக்கு வந்தால் வெயில் தோலை உரித்தது. ஒருவர் படுத்தால் மற்ற இருவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு.

ஆனால் அவள் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. பாதிப் பலூனை அவள் தைக்கவே இல்லை. வேலை நடுவில் தோள் இறுகிக் கை தூக்க முடியாமல் போனபோது, மீதித் துணியை வீட்டுக்கு அள்ளிவந்து தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாள். தங்கச்சி கைக்குழந்தைக்காரி. விஷயம் தெரிந்தால் வழக்கப்படி அவளும் ஏற வேண்டியிருக்கும். "முழுசும் நான் தச்சதுதான்" என்று முதலாளியிடம் அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

தங்கச்சியோ சரியான ஆமை. கறுப்பு நூல் தீர்ந்துபோய், அவள் பங்கு முழுக்க வெள்ளை நூல். "ஏண்டி ஆமை, ஒரு துணிப் பட்டைக்கு ஒரு நாளா? உன் மகன் காலேஜ் போறப்பதான் இந்தப் பலூன் பறக்கும்!" என்று அக்கா வாய்க்கு வந்தபடி திட்டுவாள். தங்கச்சி தன்பாட்டுக்கு மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு காலையில் பலூன் இறங்கத் தொடங்கியது. மணல் மூட்டைகளைக் கொட்டினார்கள், நிற்கவில்லை. மேலே புஸ்ஸென்று சத்தம். கேப்டன் வயர்லெஸ்ஸில் பட்டறைக்குச் சொன்னார்: "ஒரு தையல் விட்டிருச்சு. கேஸ் போகுது." சொன்ன கையோடு வயர்லெஸ்ஸையும் கடலில் போட்டார். சமையல் அடுப்பு போனது, படுக்கை போனது. காற்றுக்காரர் தன் கருவிகளை ஒவ்வொன்றாக வீசிவிட்டு மூக்கைச் சிந்தினார். "பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போனப்பகூட இப்படி அழலைங்க!"

டெய்லரக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சேதி இந்நேரம் தங்கச்சி காதுக்குப் போயிருக்கும். நாம் செத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். 'அக்காவை நான்தான் கொன்னேன்' என்று அவள் காலமெல்லாம் புழுங்கிச் சாவாள். அதை நினைத்ததும் அக்கா எழுந்து, கிழிசலை ஒட்டுகிற பசைத் துணியைத் தேடி எடுத்தாள்.

"நான் ஏறவா அக்கா?" என்றார் கேப்டன்.

"நீங்க ஏறிட்டா இதை யாரு ஓட்டுறது? பேசாம கயித்தப் பிடிங்க."

இடுப்பில் கயிற்றைக் கட்டி, பசைத் துணியைப் பல்லில் கவ்விக்கொண்டு, பலூனைச் சுற்றியிருந்த வலையைப் பிடித்து ஏறினாள். தோள் ஒவ்வொரு பிடிக்கும் உயிரை எடுத்தது. பலூனின் வாய்க்குச் சற்று மேலே, ஒரு சாண் நீளத்துக்குத் தையல் வாய் பிளந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

கறுப்பு நூல்.

அவளுடைய தையல்தான். தோள் வலி பொறுக்காமல், 'இரண்டாம் ஓட்டத் தையலை அப்புறம் போட்டுக்கலாம்' என்று விட்டவள், அடியோடு மறந்துபோயிருந்தாள். பக்கத்துப் பட்டையில் வெள்ளை நூல் இரண்டு ஓட்டமும் மேலே இன்னொன்றுமாக, அசையாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கிழிசல் மேற்கொண்டு பரவாமல் நின்றதே அதனால்தான். அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அடித்துக்கொள்ளத்தான் கை இல்லை. பசைத் துணியை அழுத்தி ஒட்டிவிட்டு இறங்கினாள்.

கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. கடைசியில் கூடை அலையில் இடித்து இடித்து, மூவரும் உப்புத் தண்ணீரைக் குடித்து, பொழுது சாய்கிற நேரத்தில் மணலில் போய் விழுந்தார்கள். அக்கரை வந்துவிட்டது. ஆனந்தப்படத் தெம்பு யாருக்கு இருந்தது? விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள்.

ஓடிவந்த மீன்பிடிக்காரர் ஒருவரிடம் போனை வாங்கித் தங்கச்சியை அழைத்தாள்.

"அக்கா! உசிரோட இருக்கியா? என் பக்கமாக்கா பிஞ்சுது? சொல்லுக்கா, என் பக்கமா?"

"இல்லடி. என் பக்கம். உன் தையல்தான் எங்களக் கொண்டுவந்து சேத்துச்சு."

கேப்டன் எதுவும் காதில் விழாதவர்போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் தங்கச்சி தேம்புவது கேட்டது.

"ஏண்டி, அவ்வளவு மெதுவா எதுக்குத் தச்சே?"

"நீ ஏறப்போற பலூனாச்சேக்கா. ஒவ்வொரு தையலையும் இழுத்து இழுத்துப் பாத்தேன்."

அக்காவுக்கு அதுவரை வராத அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உன்னப் போயி ஆமைன்னு திட்டினேனேடி" என்றாள்.

"திட்டினா திட்டிட்டுப் போ. நீ வீடு வந்து சேருக்கா."