கந்தகம் தின்ற தகடு

அந்தத் தகடு என் உள்ளங்கையை விடச் சின்னது. பல்லேடியமும் வெள்ளியும் கலந்து, தாளை விட மெல்லியதாகச் செய்த உலோகம். சூடாக்கி ஒரு பக்கம் கலப்பு வாயுவை விட்டால் ஐதரசன் மட்டும் அணுவணுவாகப் பிரிந்து, உலோகத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். வேறு எதுவும் வராது. வாவிக்கரையில் இருக்கும் எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்தது அந்த ஒன்றுதான். அது போனால் என் வேலையும் போகும்.

கணவர் கட்டாரில். கல்யாணமானதிலிருந்து வா வா என்கிறார். தகட்டு வேலை முடியட்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். உம்மா சீதனமாகத் தந்த காத்தான்குடி வீட்டில் நான் ஒருத்திதான். இரவில் கழுவுவதற்கு ஒரு பீங்கானும் ஒரு கிளாசும் இருக்கும். "என்னகா, இன்னும் அந்தத் தகட்டோடதானா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டுச் சிரிப்பார்கள். அது என்ன தகடு என்று ஒருவரும் கேட்டதில்லை.

மீன் கழிவை நொதிக்க வைத்து எடுத்த வாயுவிலிருந்து ஐதரசனைப் பிரிப்பது என் வேலை. மீன் கழிவென்றால் கந்தகமும் வரும். துருத்தூள் நிரப்பிய குழாய் வழியாக விட்டு அதைப் பிடித்துவிடுவோம். அந்தக் கோடையில் முகத்துவாரம் மூடி, வாவிச் சேறு காய்ந்து, ஊரே அழுகிய முட்டை மணத்தில் கிடந்தது. துருத்தூள் நிறைந்து கந்தகம் மிஞ்சி வந்ததை மூக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? மறுபக்க மீற்றரில் ஐதரசன் வரும் அளவு விழத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஐதரசன் பிரிய வேண்டிய இடங்களில் எல்லாம் கந்தகம் ஏறிக் குந்திக்கொள்ளும், பஸ்ஸில் சீற்றைப் பிடித்தவர் எழும்பாததுபோல. மேலோடு குந்தியிருந்தால், சூட்டோடு சுத்தமான ஐதரசனை விட்டுக் கிளப்பிவிடலாம். உள்ளே இறங்கி உலோகத்தோடு சேர்ந்துவிட்டால் தகட்டில் ஓட்டை விழும். பிறகு செய்ய ஒன்றுமில்லை.

சுத்தமான ஐதரசனை விட்டுக் காத்திருந்தேன். பின்னேரம் மீற்றர் ஏறியது. பழைய அளவைத் தொட்டு, அதையும் தாண்டியது. சத்தம் போட்டுச் சிரித்தேன். கேட்க அங்கே ஈ காக்கை இல்லை. கணவருக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சாருங்க, தகடு தப்பிட்டு! இன்னும் ஒரு வருசம் ஓடும்."

"இன்னும் ஒரு வருசமா?" என்று கேட்டார். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ். நல்லது புள்ள," என்றார்.

விடிந்ததும் ஒரு சந்தேகம் அரித்தது. தப்பிய தகடு பழைய அளவுக்குத்தானே வர வேண்டும், அதற்கு மேல் ஏன் போனது? நைதரசனை விட்டு, மறுபக்கக் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்தேன். நல்ல தகடென்றால் நைதரசன் வராது. குமிழி வந்தது. வந்துகொண்டே இருந்தது. முதல்நாள் நான் கொண்டாடியது ஓட்டையை.

மறுபடி போன் எடுத்தேன்.

"தகடு போயிட்டு. ஓட்டை விழுந்திட்டு."

"அப்ப வேலை முடிஞ்சா?"

"ஓம்."

"அப்ப வாறியா? விசாவுக்கு நாளைக்கே குடுக்கன்."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. அவரில் பிழையில்லை, எத்தனையோ பெருநாளைத் தனியே கழித்த மனிதர். ஆனாலும் எனக்காக ஒரு நிமிடம் கவலைப்பட்டிருக்கலாம்.

"ஓம், வாறன்," என்றேன். ஒருத்தியாக இருந்த அத்தனை நாளிலும் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.