பாதி மணமேல்குடி

போன வாரம் லேப்டாப்புக்குப் புது டிஸ்க் மாற்றப் புதுக்கோட்டையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். பழைய பழக்கத்தில், "டீஃபிராக் எத்தனை நாளைக்கு ஒருக்கா போடணும்?" என்று கேட்டேன். கடையிலிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"இது எஸ்.எஸ்.டி. சார், புது மாதிரி டிஸ்க்கு. இதுக்கு அதெல்லாம் வேணாம். சும்மா போட்டா ஆயுசுதான் கொறையும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, பஸ்ஸில் வரும்போது முட்டை அட்டை வாடைதான் அடித்தது.

அறந்தாங்கியில் நான் வேலை பார்த்த ஒலிப்பதிவு அறை அப்படித்தான் நாறும். எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். கோழிப்பண்ணையில் ஓசிக்கு வாங்கியவை. ஆட்டோவில் மைக் கட்டிப் போடும் விளம்பரங்கள்தான் எங்கள் தொழில்: கோயில் திருவிழா, மாட்டுவண்டிப் பந்தயம், ஜவுளித் தள்ளுபடி. இருந்தது ஒரே கம்ப்யூட்டர். டிஸ்க் நிரம்ப நிரம்ப, குரலைக் காலி கிடைத்த இடத்திலெல்லாம் துண்டு துண்டாகப் போட்டு வைக்கும். துண்டுகள் பெருகினால் பதியும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நடுவில் எழுத்தை விழுங்கிவிடும். டீஃபிராக் போட்டால் சிதறியது வரிசைக்கு வரும். நாலு மணி நேரம் ஆகும். திரையில் நகரும் சிவப்பு, நீலக் கட்டங்களை டிவி மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். நான் வேலை செய்வதாக முதலாளி நினைத்துக்கொள்வார்.

எங்கள் அறிவிப்பாளர் ராஜேந்திரன் அண்ணன். அவர் குரலுக்கு மீமிசல் வரை கிராக்கி. தொண்டையில் கட்டி, குரல்பெட்டியையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு மதுரை கிளம்புகிற அன்று காலை வந்தார்.

"ஊர்ப்பேரு, கெழமை, நேரம் எல்லாத்தையும் சொல்லி வச்சுட்டுப் போறேன் தம்பி. பெறகு நீ வெட்டி ஒட்டிக்க. எம்பொழப்பும் ஓடும்."

டீஃபிராக் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. "மத்தியானம் வாங்கண்ணே" என்றேன்.

"பஸ்ஸு பதினொன்னுக்குய்யா."

பதிந்தோம். திரும்பப் போட்டுக் கேட்கவில்லை.

இருபது நாள் கழித்து, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு மனைவியோடு வந்தார். அப்போதுதான் முதல் முறையாக ஓடவிட்டேன். ஊர்ப்பேர்களில் மணமேல்குடி 'மணமே', பிறகு ஒன்றுமில்லை, பிறகு 'டி'. வெள்ளிக்கிழமை வெறும் 'வெள்'. 'காலை' இருந்தது, 'மாலை' இல்லை. கடைசி வரை உட்கார்ந்து கேட்டார். என் பேனாவை வாங்கி, 'மீமிசல் நல்லா வந்திருக்கு' என்று எழுதினார்.

மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. டீ சொன்னது நினைவிருக்கிறது. அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. அவர்கள் போனதும் டீஃபிராக் போட்டுவிட்டுக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதியாமல் போனது அதனால் வராது என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச மாதம் மீமிசல் பக்கத்து ஆட்டோக்களில் மட்டும் அவர் குரல் போனது. பிறகு அதுவும் நின்றது. மறு வருடம் முதலாளி கடையை மூடினார். கம்ப்யூட்டரை நான்தான் எடைக்குப் போட்டேன். இப்போது அறிவிப்பை எழுதிக் கொடுத்தால் செல்போனே வாசித்துவிடுகிறது.

கடை மூடிய பிறகு ஒருநாள் அவர் மனைவியைச் சந்தையில் பார்த்தேன். வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அண்ணனுக்கு எம்மேல கோவமா மதினி?"

அவர் கத்தரிக்காயைப் பொறுக்குவதை நிறுத்தி யோசித்தார்.

"தெரியலையே தம்பி. முன்னெல்லாம் கத்துவாரு, தெரிஞ்சுரும்."