துரை புல்தரையில் என் கைவரிசை

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளை. பங்களாப் புல்தரையில் களை மண்டிவிட்டது, மருந்து வாங்கித் தெளி என்றார் துரை. கண்டிக் கடைக்காரர், “நடைபாதைக்கா, புல்தரைக்கா? ரெண்டுக்கும் வேற வேற மருந்து” என்றார். எனக்குத் தலை சுற்றியது. அதை வெளியே காட்டலாமா? “எது பலமோ அதையே கொடுங்க” என்றேன் பெரிய நிபுணனைப் போல.

மறுநாள் காலை நானே தெளித்தேன். மத்தியானம் வீட்டில் வல்லாரைச் சம்பலோடு சோற்றை வெளுத்துக்கட்டினேன். பாதி இறங்கிய பிறகுதான், “வல்லாரை ஏது?” என்று மனைவியைக் கேட்டேன்.

“துரை புல்தரையிலதாங்க பறிச்சேன்.”

வாயிலிருந்த கவளத்தைத் துப்பினேன். “அங்க பாஷாணம் தெளிச்சிருக்கேண்டி!”

“நான் நேத்தே பறிச்சிட்டேங்க. ஆனா கொழுந்து பறிக்கிற லயத்துப் பொம்பளைங்க இப்பத்தானே போறாங்க!”

எச்சில் கையோடு ஓடினேன். மூன்று பெண்கள் மடி நிறையக் கீரையோடு நின்றார்கள். “கொட்டுங்க, விஷம்!” என்று கத்தினேன்.

“நேத்து உங்க வீட்டம்மா பறிச்சாங்க. நாங்க பறிச்சா மட்டும் விஷமா ஐயா?” என்றாள் ஒருத்தி.

மருந்துத் தகரத்தைக் கொண்டுவந்து மண்டையோட்டுப் படத்தைக் காட்டிய பிறகுதான் மடியை உதறிவிட்டுக் கை கழுவ ஓடினார்கள்.

நான் வாங்கியது நடைபாதை மருந்து. ஒரு வாரத்தில் களையோடு புல்லும் செத்தது. துரை ஏசியதை இங்கே எழுத முடியாது. மருந்து ஊறிய மண்ணையே வெட்டி அகற்றிப் புதுப் புல் பதித்தோம்.

இப்போது நான் மருந்தே வாங்குவதில்லை. களை தலைகாட்டினால் லயத்தில் சொல்லிவிடுகிறேன், பெண்கள் வந்து சம்பலுக்கென்று வேரோடு பிடுங்கிப்போகிறார்கள். என்ன மருந்து என்று துரை வியக்கிறார். நான் பணிவாகச் சிரித்துக்கொள்கிறேன்.