பீடி வைத்த மேடு

மானாம்பதிப் பக்கம் முள்காட்டை வெட்டி முதலில் குடியேறிய எங்கள் மூத்தவர்களின் கல்லறைகளில் பெயர் கிடையாது. பனையடி மேடுதான் கொள்ளுத்தாத்தா என்பது அத்தை வைத்திருந்த அடையாளம். போன மழையில் பனை சாய்ந்துவிட்டது. இந்தக் கல்லறைத் திருநாளில் சுண்ணாம்பு வாளியோடு மேடு மேடாகத் தடுமாறினாள். கடைசியில் ஒன்றுக்கு வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றி, அவருக்குப் பிடித்த பீடிக்கட்டையும் வைத்தாள்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள். “இன்னாடி, எங்க பாட்டிக்கு பீடி வெச்சிகினு கீற?”

அத்தையின் முகம் வாடியது. “அப்போ எங்க தாத்தா எங்க கீறாரு?”

“அடுத்த மேடுதான். வெச்ச பீடிய எடுக்காத, வுடு. எங்க பாட்டியும் பீடி புடிச்சவதான். உங்க தாத்தாகிட்டதான் ஓசி வாங்குவாளாம்!”

அத்தை சிரித்துவிட்டாள். கட்டைப் பிரித்து இரண்டு மேட்டிலும் பாதிப் பாதியாக வைத்தாள். காடு வெட்டிய களைப்பில் அவர்களும் இப்படித்தான் பங்கு போட்டிருப்பார்கள்.