ஒரு கட்டுப் பீடி

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. நிற்க மாட்டாள், பேச மாட்டாள், முகம் பார்த்துச் சிரிக்கவும் மாட்டாள். பிறந்தபோது அழாத குழந்தை. சேலத்தில் காட்டினோம், மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார்கள், அதோடு சரி. அவள் எங்களிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான், அப்பா கையால் சோறு. நான் ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வாள். திணித்தால் புரையேறி முகமெல்லாம் நீலம் பாரித்துவிடும். பத்து மாதம் சுமந்தவள் நான், என் கையால் ஒரு வாய் வாங்க மாட்டேன் என்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவரோ காட்டிலிருந்து வந்து, பேருக்குக் கையைக் கழுவிவிட்டு, "சாமி, ஆ காட்டு" என்பார். அவள் வாயைத் திறப்பாள்.

அந்த மனுஷனுக்குத்தான் காசம் வந்தது. குச்சிக்கிழங்குக் காட்டில் இருமி இருமி ரத்தம் துப்பியவரை ராசிபுரத்துக்கு அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தொண்ணூறு ஊசி போடணும், கூடவே மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது. நடுவுல நிறுத்தினா அப்புறம் எந்த மருந்தும் கேக்காது. பீடியைத் தொடவே கூடாது. குழந்தை பக்கத்துல போகாதீங்க."

"அப்பப் பாப்பாவுக்கு ஆருங்க சோறு ஊட்டறது?" என்று கேட்டேன். சண்டைக்குப் போகிற மாதிரிதான் கேட்டேன். டாக்டர் விவரத்தைக் கேட்டுக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு ஊட்டச் சொன்னார்.

தினமும் காலை டவுன் பஸ்ஸில் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவார். பீடியையும் விட்டார். துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு கண் மட்டும் தெரிய ஊட்டுவார். பீடியை விட்ட நாலாம் நாள் அவர் கையிலும் பாப்பா வாங்கவில்லை. அன்று சாயங்காலம் அவரைத் தேடிப் போனால், மோட்டார் ரூமுக்குப் பின்னால் குந்தவைத்துப் பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார்!

"ஏனுங்க, உங்களுக்கு உசுரு மேல ஆசையே இல்லீங்களா?"

"கத்தாத புள்ள. விரல்ல பீடி வாசம் இருந்தாத்தான் பாப்பா வாயத் தொறக்குது. ரெண்டு இழுப்புத்தான், உள்ளகூட இழுக்கறதில்ல."

"உங்க பீடிக்குப் பாப்பா மேல பழியப் போடறீங்களே, நாக்குக் கூசலீங்களா?"

அவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். அன்று ராத்திரி பாப்பா ஒரு வட்டில் சோறு தின்றாள். எனக்கு அது உறைக்கவில்லை. குடிகாரன் சொல்கிற சாக்கைப் போல இதுவும் ஒரு சாக்கு என்றே நினைத்தேன். அப்புறமும் பீடி பிடித்தார், நானும் திட்டிக்கொண்டேயிருந்தேன்.

நாற்பத்தோராவது ஊசி போட்டுக்கொண்டு வந்த நாளில் பாப்பாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாள் முகத்திலும் மார்பிலும் முத்து முத்தாக அம்மை. வாசலில் வேப்பிலை செருகினேன். தாளிப்பதை நிறுத்தினேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊசிக்குக் கிளம்பியபோது குறுக்கே நின்றேன்.

"ஆத்தா வாத்திருக்கற ஊட்டுல இருந்து ஊசி குத்திக்கப் போவீங்களா? மருந்து வாசத்தோட வந்து புள்ளையத் தொடுவீங்களா? அவ கோவிச்சுக்கிட்டா பாப்பா தாங்குமா?"

"ஒரு நாள்கூட உடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு புள்ள."

"டாக்டருக்கென்ன தெரியும்? மூணு தண்ணி ஊத்தட்டும், அப்புறம் போட்டுக்கலாம்."

பாப்பா தாங்குமா என்று கேட்டதும் அவர் சட்டையைக் கழற்றிவிட்டார். மாத்திரையையும் நான்தான் அடுக்குப் பானைக்குள் எடுத்து வைத்தேன். ஒரு கொப்புளம் ஆற ஆற மறுபடி வேறு கொப்புளம் போட்டதால், மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்க இருபது நாள் ஆனது. பாப்பா தழும்பில்லாமல் பிழைத்தாள். நான் கோயிலில் மாவிளக்கு வைத்துக் கும்பிட்டேன். அவரும் தெம்பாகத்தான் இருந்தார். எல்லாம் ஆத்தா கருணை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், மடச்சி.

திரும்ப ராசிபுரம் போனபோது டாக்டர் சீட்டை மேஜையில் வீசினார். "யார் நிறுத்தச் சொன்னது?"

நான் சீட்டை எடுத்து மடித்தேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "நாந்தானுங்க, மறந்துட்டனுங்க" என்றார்.

ஊசியை மறுபடி ஆரம்பித்தார்கள். டாக்டர் சொன்னது போலவே மருந்து கேட்கவில்லை. மார்கழியில் எழுந்து உட்கார முடியாமல் போனது. பாப்பாவைப் பக்கத்தில் கிடத்தச் சொல்லி, அப்போதும் ஒரு பீடியைப் பற்ற வைத்து அணைத்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, படுத்தபடியே ஊட்டினார். தை பிறந்து பத்தாம் நாள் போய்விட்டார். கொன்றவள் நான்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

எடுத்துப் போன அன்றும் மறுநாளும் பாப்பா ஒரு பருக்கை தொடவில்லை. பால், கஞ்சி, எதைக் கொடுத்தாலும் பல்லைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் உதடு வெடித்துக் கண் சொருகத் தொடங்கியது. "அதுவும் அப்பன்கூடவே போயிரட்டும், உட்டுரு" என்று துக்கத்துக்கு வந்த ஒருத்தி சொன்னாள். அவளை ஒன்றும் செய்ய முடியாத ஆத்திரத்தில் பாப்பாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அவள் அழக்கூட இல்லை. அறைந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், மோட்டார் ரூமுக்குப் பின்னால் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

கருமாதி முடியாமல் வாசல்படி தாண்டக் கூடாது. வெள்ளைச் சேலையோடு முச்சந்திப் பெட்டிக்கடைக்கு நடந்தேன்.

"ஒரு கட்டுப் பீடியும் தீப்பெட்டியும் குடுங்க."

கடைக்காரர் திகைத்துப்போனார். "ஆருக்குங்க?"

"எனக்குத்தான். குடுங்க."

துக்கத்துக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, அடுப்படியில் உட்கார்ந்து பற்ற வைத்தேன். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. பீடியை விரலிடுக்கில் அடிவரை எரியவிட்டேன், சுட்டது. இன்னொன்றைப் பிரித்துத் தூளை விரலில் தேய்த்துக்கொண்டேன். பேருக்குக் கையைக் கழுவினேன். தயிர்ச்சோற்றைப் பிசைந்து அவள் உதட்டோரம் கொண்டுபோனேன்.

"சாமி, ஆ காட்டு."

மூக்கு விடைத்தது. வாய் திறந்தது.

ஏழு வருஷத்தில் முதல் முறையாக என் மகள் என் கையால் சோறு வாங்கினாள். வட்டில் காலியானதும் என் விரலை முகர்ந்து பார்த்தேன். அவர் கை அப்படியே இருந்தது. "பொய் சொல்லலீங்க நீங்க, பொய் சொல்லலீங்க" என்று அந்தக் கையிடம் சொல்லிச் சொல்லி அழுதேன்.